கிழக்கே 10, மேற்கே 18: எந்த எண்ணை நம்புவது?

வணக்கம் நண்பரே. திருவாரூர் பக்கம் அறுவடை முடிந்த வயலில் காலை 10 மணிக்குப் பறக்கவிட்டதில், உங்கள் மாடல் கிளைடரின் சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகிறது என்பது) கிழக்கே போகும்போது 10, மேற்கே திரும்பும்போது 18 என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பறப்பைப் பதிவு செய்யும் லாகர் கருவியில் பழுதில்லை. ஜிபிஎஸ் காட்டுவது தரைவேகம், காற்றுக்குள் பறக்கும் வேகம் அல்ல. கிளைடர் வினாடிக்கு 10 மீட்டர் போய் 0.7 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். உண்மை விகிதம் 14. எதிரே 3 மீட்டர் காற்று இருந்தால் 7-ஐ 0.7-ஆல் வகுத்து 10; அதே காற்று பின்னாலிருந்தால் 13-ஐ வகுத்து 18.6. உங்கள் கணக்கு அப்படியே வந்துவிட்டதா?

இரு திசை எண்களையும் சராசரி எடுத்தால் காற்றின் விளைவு கழிந்துவிடும். ஆனால் 10 மணிக்கு எடுத்த சராசரியையும் நான் நம்பமாட்டேன். வெயில் ஏறியதும் காய்ந்த தாளடி வயலிலிருந்து வெப்பக்காற்று எழும்பும். பக்கத்துத் தண்ணீர் நின்ற வயலின் மேல் அது இருக்காது. விடிந்த கையோடு போங்கள். வரப்பில் குச்சி நட்டு ஒரு நூலைக் கட்டுங்கள், நூல் அசையாமல் தொங்கினால் ஏவலாம். மாசிப் பனி இறக்கையில் முத்து முத்தாக நிற்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள், அந்தத் துளிகளே இழுவையைக் கூட்டிவிடும்.

கிளைடரை மேலேற்றும் மோட்டாரை நிறுத்திய உடனே அளக்காதீர்கள். வேகம் 12-லிருந்து 10-க்கு வந்தாலே 2 மீட்டருக்கு மேல் உயரம் இலவசமாகக் கிடைத்துவிடும். வேகம் நிலைத்த பிறகு, டிரிம்மை (கிளைடர் எந்த வேகத்தில் நிலையாகப் பறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பை) தொடாமல், நேர்கோட்டில், இரு திசையிலும் ஐந்தைந்து ஓட்டம். பிறகு டிரிம்மை ஒரு படி மாற்றி மறுபடி எடுங்கள்.