நவீன சீன வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் நவீன சீன வரலாற்றில் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆனால் பி.காம். முடித்த பிள்ளைகளுக்குக் கிடைப்பது போல மூன்றாம் வருடக் கடைசியில் கைக்கு வந்துவிடாது. அதைவிட முக்கியம், மகள் சீன மொழியோடு ஏழெட்டு வருடம் மல்லுக்கட்டத் தயாரா என்பது. மொழி வந்துவிட்டால் மற்றதற்கு வழி பிறக்கும்.

இந்தத் துறையில் ஒருவர் எப்படி உருவாகிறார் என்று தெரிய ஜான் கிங் ஃபேர்பேங்கின் வாழ்க்கையைப் பாருங்கள். அமெரிக்காவில் நவீன சீன வரலாறு ஒரு தனிப் படிப்பாக வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 1907-இல் தெற்கு டகோட்டாவின் ஹூரான் என்ற சிற்றூரில் பிறந்தார். 1929-இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கியபோது அவருக்குச் சீனம் தெரியாது. சீன அரசின் வெளியுறவு ஆவணங்கள் வெளியாகத் தொடங்கியிருக்கின்றன என்று சார்லஸ் வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் சொன்னது மனதில் பதிந்தது. ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே இந்தத் தலைப்பில் வழிகாட்ட ஆள் இல்லை. சீனச் சுங்கத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த மோர்ஸ் என்ற பெரியவரைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார். 1932-இல் பெய்ஜிங் போய் மொழி கற்றார். உதவித்தொகை தீர்ந்ததும் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திச் சமாளித்தார். அங்கே வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்த ஜியாங் டிங்ஃபூதான், சீனாவைக் கடைசியாக ஆண்ட சிங் வம்சத்து ஆவணங்களைப் படிக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார். 1936-இல் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம், அதே ஆண்டு ஹார்வர்டில் ஆசிரியர் வேலை. அந்த ஆய்வு செம்மைப்பட்டுப் பெரிய புத்தகமாக வந்தது 1953-இல்.

இளங்கலை முடித்து நிலையான வேலையில் சேர ஏழு வருடம், புத்தகத்துக்கு மேலும் பதினேழு. அவர் சோம்பேறி இல்லை ஐயா, வேலையே அப்படிப்பட்டது. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் "பொண்ணு இன்னும் படிச்சிட்டா இருக்கா?" என்று கேட்பார்கள். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அரசியலும் இந்தத் துறையை விடாது. இரண்டாம் உலகப் போரின்போது ஃபேர்பேங்கின் மொழியறிவு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. வாஷிங்டனிலும் சீனாவின் சோங்சிங்கிலும் பணியாற்றினார். சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனதும், அதே அறிவுக்காகச் சந்தேக வளையத்தில் வைத்தார்கள். 1952-இல் அமெரிக்க செனட் குழு முன்னால் நின்று பதில் சொன்னார். ஹார்வர்ட் அவரைக் கைவிடவில்லை. 1955-இல் அங்கே கிழக்காசிய ஆய்வு மையம் தொடங்கினார், இப்போது அது அவர் பெயரிலேயே இயங்குகிறது. 1946-க்குப் பிறகு அவரால் சீனா போக முடிந்தது 1972-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அவருடைய மாணவர்கள் பலர் தைவானையும் ஹாங்காங்கையும் நம்பி ஆராய்ச்சி செய்தார்கள்.

நம் நாட்டிலும் அப்படித்தான். தான் யுன்-ஷான் என்ற சீன அறிஞரின் முயற்சியில் 1937-இல் சாந்திநிகேதனில் சீன ஆய்வுக்கான சீன பவனம் வந்தது தாகூரின் ஆசையால். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வுக்கென்று துறை வந்ததோ 1964-இல், 1962 இந்திய-சீனப் போர் முடிந்து இரண்டு வருடத்தில். சீனாவைப் பற்றிக் கவலை வரும்போதெல்லாம் சீனம் படித்தவரைத் தேடுவார்கள். இன்று அந்தக் கவலை நிறையவே இருக்கிறது, படித்தவர்களோ குறைவு. உங்கள் மகளுக்கு இது சாதகம் என்பது என் கணிப்பு.

சரி, என்ன செய்யலாம்? இளங்கலையிலேயே சீன மொழியை முதன்மைப் பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். டெல்லி ஜே.என்.யு.விலும் சாந்திநிகேதனிலும் அந்தப் படிப்பு இருக்கிறது, 'சி.யு.இ.டி.' என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு மொழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். இருபத்துமூன்று வயதில் எழுத்து எழுத்தாகத் தொடங்கினால் முனைவர் படிப்பின் பாதிக் காலம் அதற்கே போய்விடும். முதுகலையில் வரலாற்றுக்கோ கிழக்காசிய ஆய்வுக்கோ மாறிக்கொள்ளலாம். பேச்சுச் சீனம் மட்டும் வரலாற்றுக்குப் போதாது. சிங் வம்சத்து ஆவணங்கள் செவ்வியல் நடையில், பழைய எழுத்து வடிவத்தில் இருக்கும். அதற்குத் தைவான் நல்ல இடம். அந்த அரசே மொழி கற்க உதவித்தொகை தருகிறது, தைபேயில் ஆவணக் காப்பகங்களும் உண்டு. பெய்ஜிங், நான்ஜிங் காப்பகங்களில் வெளிநாட்டவருக்குக் கெடுபிடி கூடியிருப்பதால் தைபேயின் மதிப்பு இப்போது இன்னும் அதிகம்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்குக் கட்டணம் கிடையாது, செலவுக்கும் அவர்களே தருவார்கள். சொத்தை விற்க வேண்டியதில்லை. உள்ளபடி சொன்னால், சீன வரலாற்றுக்கென்று பேராசிரியர் இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. அந்த இடம் கிடைக்காமல் போனால் கையில் என்ன இருக்கும் என்பதால்தான் மொழியை முதலில் வைக்கச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு, நிறுவனங்களின் சீன வணிகப் பிரிவு, கொள்கை ஆய்வு மையங்கள், பத்திரிகை, வெளியுறவுப் பணி என்று அதற்கு வேறு வாசல்களும் உண்டு.

இந்தக் கோடை விடுமுறையில் எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் முதல் நிலைக்குப் படிக்கட்டும். இணைய வகுப்புகள் நிறைய இருக்கின்றன. மூன்று மாதம் தினம் ஒரு மணி நேரம் எழுத்து எழுதிப் பழகியும் அலுப்புத் தட்டவில்லை என்றால், சி.யு.இ.டி. விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். நீங்கள் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.