பக்கத்துக் கடை 35 மைல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கணவர் டாக்டர். விசா நிபந்தனைப்படி மூன்று வருஷம் டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் வேலை பார்க்க வேண்டும் என்பதால் மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டிக்கு, வெல்ச் பக்கம் வந்து நாலு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்து ஆறு நிமிடத்தில் ஒரு டாலர் கடை இருக்கிறது. மற்றபடி காய்கறி, பழம், அரிசி என்று மனம் நிறைய வாங்க வேண்டுமானால் ப்ளூஃபீல்டு போக வேண்டும், மலைப்பாதையில் ஒரு மணி நேரம். டாலர் கடையில் எல்லாமே மலிவாகத்தான் தெரிகிறது, ஆனால் மாதக் கடைசியில் பார்த்தால் நியூ ஜெர்சியில் ஆனதைவிடச் செலவு கூடுதல். எங்கே தப்பு செய்கிறேன்? இதைத்தான் 'உணவுப் பாலைவனம்' என்கிறார்களா?

பதில்: தப்பு உங்களிடம் இல்லை, பாக்கெட்டில் இருக்கிறது. டாலர் கடையின் வித்தையே சின்ன பாக்கெட்தான். ஒரு பேச்சுக்கு 2 பவுண்டு அரிசி இரண்டரை டாலர் என்றால் பவுண்டு ஒன்றே கால் டாலர் ஆகிறது, பெரிய கடையில் 20 பவுண்டு மூட்டை 13 டாலருக்குக் கிடைத்தால் பவுண்டு 65 சென்ட். கையிலிருந்து போவது இரண்டரை டாலர்தானே என்று மனசு சொல்லும், அதை நம்பாதீர்கள். ஷெல்ஃப் லேபிளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் பவுண்டுக்கோ அவுன்ஸுக்கோ எவ்வளவு என்று போட்டிருக்கும், அதை மட்டும் பாருங்கள். எல்லா மாநிலத்திலும் அது கட்டாயமில்லை, இல்லாத இடத்தில் போனை எடுத்து வகுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் உடனே காரை எடுத்துக்கொண்டு ப்ளூஃபீல்டுக்கு ஓடாதீர்கள், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. போக 35, வர 35, ஆக 70 மைல். 25 மைல் கொடுக்கிற வண்டிக்குப் பெட்ரோல் மட்டும் கிட்டத்தட்ட 3 கேலன். டயர், ஆயில், வண்டித் தேய்மானம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால், வருமான வரித்துறை 2025-ல் தொழில் பயணத்துக்கு மைலுக்கு 70 சென்ட் செலவு என்று வைத்திருந்தது, அந்தக் கணக்கில் ஒரு நடைக்கு 49 டாலர். வாரா வாரம் போனால் மிச்சம் பிடித்தது எல்லாம் ரோட்டில் போய்விடும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, பெரிய ஐஸ் பெட்டியோடு போங்கள். ஒரு சின்ன விஷயம்: ப்ளூஃபீல்டு என்ற பெயரில் ஊர் இரண்டு, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, வர்ஜீனியா பக்கம் ஒன்று. மேற்கு வர்ஜீனியாவில் சமைக்கும் மளிகைக்கு 2013 ஜூலையிலிருந்து மாநில விற்பனை வரி கிடையாது, வர்ஜீனியா பக்கத்தில் இன்னும் 1 சதவீதம் உண்டு. 200 டாலருக்கு 2 டாலர்தான், இருந்தாலும் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

நடுவில் வரும் நாட்களுக்கு டாலர் கடையை ஒதுக்கித் தள்ள வேண்டாம். அங்கே 'பிளாக் ஐட் பீஸ்' என்று காய்ந்த பயறு பாக்கெட் தொங்கும், அது நம்ம காராமணிதான். அமெரிக்கத் தெற்கில் அது வீட்டுச் சாப்பாடு, அதனால் விலையும் நியாயமாக இருக்கும். 'கிரிட்ஸ்' என்பது மக்காச்சோள ரவை, கடுகு தாளித்து உப்புமா கிண்டினால் யாரும் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள் (உடனடி வகையை எடுக்காதீர்கள், களியாகிவிடும்). ஃப்ரீசர் பெட்டி உள்ள கடையில் நறுக்கிய வெண்டைக்காயும் கிடைக்கலாம். அதை உருகவிட்டுச் சமைத்தால் வழவழவென்று போய்விடும். பனியோடு அப்படியே காய்ந்த எண்ணெயில் போட்டு, மூடாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் சேருங்கள். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் இதெல்லாம் ஐ-77 நெடுஞ்சாலையில் இறங்கி சார்லட் நகரத்துக்குப் போகும்போது ஆறு மாதத்துக்கு வாங்கலாம், பருப்பை மட்டும் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு டப்பாவில் போடுங்கள், வண்டு வராது.

அப்புறம் அந்தப் 'பாலைவனம்'. அமெரிக்க விவசாயத் துறையின் கணக்குப்படி, கிராமப்புறத்தில் பெரிய மளிகைக் கடை 10 மைலுக்கு அப்பால், நகரத்தில் 1 மைலுக்கு அப்பால், கூடவே வருமானமும் குறைவாக உள்ள வட்டாரம் என்றால் இந்த வகையில் வரும். அந்தத் தூரத்தை அவர்கள் நேர்கோட்டில் அளக்கிறார்கள். அயோவா மாதிரி சமவெளியில் அது சரி. உங்கள் ஊரில் மலைக்கு அந்தப் பக்கம் 9 மைலில் கடை இருந்தால், ரோட்டில் சுற்றிச் சுற்றி எவ்வளவு என்பது வண்டி ஓட்டுகிற உங்களுக்கே தெரியும். துறையின் வரைபடத்தில் பாலைவனம் என்று குறிக்காத வீட்டுக்காரரும் பால் வாங்க அரை நாள் செலவு பண்ணுவார்.

எனக்கு அந்தப் பெயரிலேயே ஒரு மனத்தாங்கல் உண்டு. பாலைவனம் என்றால் ஏதோ இயற்கையாக அப்படி அமைந்துவிட்டது போலக் கேட்கிறது. நம் பழைய திணைக் கணக்கில் பாலைக்குத் தனி நிலமே கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் காய்ந்து நிலை திரிந்தால் அதுதான் பாலை. மெக்டவல் அப்படித் திரிந்த குறிஞ்சி. நிலக்கரி ஓடிய காலத்தில், 1950-ல், அங்கே ஏறக்குறைய 99 ஆயிரம் பேர் இருந்தார்கள். சுரங்கங்கள் மூட மூட ஆள் குறைந்து 2020 கணக்கெடுப்பில் 19 ஆயிரம். அதே கவுண்டியில் கிம்பல் என்ற ஊரில் இருந்த வால்மார்ட் 2016 ஜனவரியில் மூடியது, அந்த ஒரே அறிவிப்பில் அமெரிக்காவில் 154 கடைகள். பெரிய கடை வரும்போது சின்னக் கடைகளின் வியாபாரத்தை இழுத்துக்கொள்கிறது, கிளம்பும்போது அவற்றைத் திருப்பி வைத்துவிட்டுப் போவதில்லை.

சின்னக் கடைக்காரர் திரும்ப வரலாமே என்றால், மொத்த வியாபாரி வாரத்துக்கு இவ்வளவுக்காவது எடுத்தால்தான் லாரி அனுப்புவேன் என்பார். ஊருக்கு ஊர் கிளை வைத்த பெரிய கடைச் சங்கிலிக்கு ஒரு விலை, அவருக்கு ஒரு விலை. இதைத் தடுக்க 1936-லேயே ராபின்சன்-பேட்மன் என்று ஒரு சட்டம் வந்தது, 1980-களுக்குப் பிறகு அரசு அதை ஏறக்குறையத் தூசு தட்டவே இல்லை. கான்சாஸில் செயின்ட் பால் என்ற சிற்றூர் கடையை ஊராட்சியே எடுத்து நடத்துகிறது. ஃபுளோரிடாவின் பால்ட்வின் 2019-ல் அதே மாதிரி தொடங்கி 2024-ல் மூடிவிட்டது. கடை திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2019-ல் வந்த ஒரு பெரிய பொருளாதார ஆய்வு, புது சூப்பர் மார்க்கெட் வந்த பிறகும் மக்கள் வாங்குகிற சாப்பாடு பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆறு மைலில் கடை இருந்தால் மிச்சமாகிற நேரத்தையும் பெட்ரோலையும் கூடையில் என்ன வாங்கினார்கள் என்று அளந்து கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: எங்கள் ஊர் டாலர் கடையில் ஷெல்ஃபில் 3 டாலர் என்று இருந்த எண்ணெய்க்குப் பில்லில் 3.65 வந்தது. கேட்டால் "கம்ப்யூட்டர் சொல்வதுதான் விலை" என்கிறார் பையன். சரியா?

பதில்: சரியில்லை, ஆனால் அந்தப் பையனைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. பல டாலர் கடைகளில் ஒன்றிரண்டு பேர்தான் கல்லா, லாரி இறக்குவது, லேபிள் மாற்றுவது எல்லாம் பார்க்கிறார்கள். விலை ஏறியது கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஷெல்ஃபுக்குத் தெரியாது. ஒஹாயோவில் இந்த விவகாரத்துக்காக மாநில அரசு 2022-ல் ஒரு பெரிய டாலர் கடைச் சங்கிலி மீது வழக்கே போட்டது. நூற்றுக்கு 2 தவறு வரை பரவாயில்லை என்பது அங்கே வரம்பு, சோதனையில் அகப்பட்டது அதைவிட எவ்வளவோ அதிகம். அடுத்த வருஷம் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

நீங்கள் செய்ய வேண்டியது: லேபிளைப் போனில் படம் எடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள், ஷெல்ஃப் விலைக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் தந்துவிடுவார்கள். தராவிட்டால் மேற்கு வர்ஜீனியாவில் தொழிலாளர் துறைக்குக் கீழே எடை அளவுப் பிரிவு இருக்கிறது, படத்தோடு புகார் அனுப்பலாம். 65 சென்டுக்கா என்று யோசிக்காதீர்கள், அது மாதம் முழுக்க அத்தனை பேர் வாங்குகிற எண்ணெய்.

கேள்வி (முதல் வாசகியே): பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கார் இல்லை, உணவு உதவி கார்டு இருக்கிறது. ஆன்லைனில் வாங்கித் தரலாமா? அந்தக் கார்டை நான் கடைக்குக் கொண்டு போகலாமா?

பதில்: அந்த உதவி இன்றைய வடிவில் தொடங்கியதே உங்கள் கவுண்டியில்தான். 1961 மே 29-ம் தேதி, பெய்ன்ஸ்வில்லைச் சேர்ந்த மன்சி தம்பதி, 15 பேர் உள்ள வீட்டுக்கு 95 டாலர் மதிப்புக்கு அந்தத் திட்டத்தின் முதல் உணவுக் கூப்பன்களை வாங்கினார்கள். அதைக் கொடுத்து முதலில் எடுத்தது, பன்றி இறைச்சி போட்ட பீன்ஸ் டப்பா ஒன்று.

ஆன்லைனில் வாங்கலாம், இப்போது 50 மாநிலத்திலும் அனுமதி உண்டு. ஆனால் டெலிவரி கட்டணம், சோப்பு, சூடாகச் சமைத்த சாப்பாடு எதற்கும் அந்தக் கார்டு செல்லாது. உங்கள் மலைக்கு யார் டெலிவரி தருகிறார்கள் என்பதைப் பின்கோடு போட்டுப் பார்த்துவிட்டுப் பாட்டியிடம் ஆசை காட்டுங்கள். உழவர் சந்தையில் வாங்கினால் 'ஸ்னாப் ஸ்ட்ரெச்' என்று மேற்கு வர்ஜீனியாவில் ஒரு திட்டம் (ஸ்னாப் என்பது அந்த உணவு உதவியின் பெயர்தான்), கார்டில் தேய்க்கிற காசுக்கு மேல் காய்கறிக்குக் கூடுதல் காசு தருகிறார்கள். சந்தையில் கேளுங்கள்.

கார்டையும் ரகசிய எண்ணையும் சும்மா கையில் வாங்கிக்கொண்டு போவது வேண்டாம், நாளைக்கு இருவருக்கும் சங்கடம். தன் சார்பில் வாங்க ஒருவரை நியமிக்க அவருக்கு வழி இருக்கிறது, அலுவலகத்தில் அதற்கென்று படிவம் தருவார்கள். அது கைக்கு வரும்வரை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நீங்கள் போகும்போது முன் சீட்டில் அவரையே ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த வளைவுகள் அவருக்கு உங்களைவிடப் பழக்கம்.