கோப்பு 600 எம்பி, மெமரி 8 ஜிபியும் போதவில்லை: சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

தோட்ட ஆபீஸ் கிராணி: அண்ணே, டிவிஷன், அதற்குள் பீல்டு, பழம் வெட்டுபவர், நாள், கடைசியில் குலை எடை என்று எல்லாம் பைத்தான் புரோகிராமில் டிக்சனரிக்குள் (பெயர் சொல்லி மதிப்பை எடுக்கும் பட்டியல்) டிக்சனரியாக இருக்கிறது. அதைச் சேமிக்கும் ஜேசன் (டேட்டாவை எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்பு 600 எம்பிதான். சேமிக்கும்போது 8 ஜிபி மடிக்கணினி திணறி, புரோகிராம் நின்றுவிடுகிறது.

பதில்: கோப்பின் அளவை வைத்து மெமரியைக் கணக்குப் போடாதீங்க தம்பி. 17.5 என்ற எடை கோப்பில் நாலு பைட். 64-பிட் பைத்தானில் அந்த எண்ணுக்கு மட்டும் 24 பைட், லிஸ்ட்டில் அதைச் சுட்டிக்காட்ட இன்னொரு 8. காலி டிக்சனரி 64 பைட். ஒரே ஒரு கீ (பெயர்) போட்டதும், பதிப்பைப் பொறுத்து, 184 அல்லது 232 ஆகிவிடும். குலைக்கு ஒரு டிக்சனரி வைத்திருந்தால் பாதி மெமரி அங்கேயே போய்விட்டது. எடைகளை மட்டும் லிஸ்ட்டாக வையுங்கள்.

அதற்கு மேல்தான் சேமிக்கும் செலவு. நீங்கள் 'டம்ப்ஸ்' (டேட்டாவை ஜேசன் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக மாற்றும் கட்டளை) போட்டு, வந்த ஸ்ட்ரிங்கைக் கோப்பில் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முழு ஸ்ட்ரிங்கும் மெமரியில் உருவான பிறகே முதல் பைட் டிஸ்க்குக்குப் போகும். பெயர்களைத் தமிழ் எழுத்தாகவே எழுதச் சொல்லியிருந்தால் இன்னும் மோசம்: ஸ்ட்ரிங்கில் ஒரு தமிழ் எழுத்து இருந்தாலே பைத்தான் எல்லா எழுத்துக்கும் 2 பைட் ஒதுக்கும், ஒரு எமோஜி இருந்தால் 4. பெரும்பாலும் எண்களாக உள்ள 600 எம்பி அப்படித்தான் 1.2 ஜிபி, 2.4 ஜிபி என்று வீங்குகிறது. எழுதும்போது யுடிஎஃப்-8 (கோப்பில் எழுத்துகளை பைட்டாக வைக்கும் முறை) ஆக்கிய நகல் தனியாக 600 எம்பி.

கடைசி 's' இல்லாத 'டம்ப்' போட்டுக் கோப்பையே கொடுங்கள். துண்டு துண்டாக எழுதும். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. அழகுக்காக 'இண்டென்ட்' (வரிகளை உள்தள்ளி எழுதுவது) வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பல பைத்தான் பதிப்புகளில் 'டம்ப்ஸ்' உடன் அது சேர்ந்தால், லட்சக்கணக்கான குட்டி ஸ்ட்ரிங்குகளை ஒரு லிஸ்ட்டில் சேர்த்து வைத்துத்தான் கடைசியில் ஒட்டும்.

என்னைக் கேட்டால், இந்த அடுக்கு டேட்டா முழுவதையும் மெமரியில் கட்டவே வேண்டாம். ஒரு பீல்டின் ஒரு நாள் கணக்கை ஒரு வரி ஜேசனாக எழுதி, அதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாலு வருடமானாலும் மெமரியில் இருப்பது ஒரு நாள்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: மாணவர் பெயர்கள் கோப்பில் பின்சாய்கோடும் எண்களுமாக வருகின்றன. கோப்பும் பெரிதாக இருக்கிறதே?

பதில்: 'முனியம்மா' என்பதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 9 குறியீடுகள், டீச்சர். இப்போது ஒவ்வொன்றுக்கும் 6 பைட், ஆக 54. தமிழ் எழுத்தை இப்படிக் குறியாக மாற்றும் 'என்ஷூர் ஆஸ்கி'யை அணைத்தால் யுடிஎஃப்-8இல் 27தான். விண்டோஸ் என்றால் கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று சொல்லியே திறங்கள். இல்லாவிட்டால் எழுதும்போதே எரர் வரலாம். மேலே சொன்ன 2 பைட் விஷயம் இருப்பதால் இதையும் 'டம்ப்' வழியாகவே செய்யுங்கள்.

பாலிடெக்னிக் மாணவர்: ஜேசனை விட்டு, பைத்தானின் இன்னொரு சேமிப்பு முறையான பிக்கிளுக்கு மாறினேன் அண்ணே. டிவிஷன் டிவிஷனாக எழுதியும் மெமரி ஏறிக்கொண்டே போகிறது.

பதில்: ஒரே பிக்லரை (பிக்கிளாக எழுதும் கருவி) திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறீர்கள், அதுதான் காரணம். ஒரே பொருளை இரண்டு தடவை எழுதக்கூடாது என்பதற்காக, எழுதியதையெல்லாம் அது 'மெமோ' என்ற பட்டியலில் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் டிவிஷனை அழித்தாலும் மெமோ விடாது. ஒவ்வொரு டிவிஷனுக்கும் புது பிக்லர் போடுங்கள், அல்லது எழுதி முடித்ததும் 'கிளியர் மெமோ' கூப்பிடுங்கள். ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதலாம். படிக்கும்போது கோப்பு முடிந்தது என்ற எரர் வரும்வரை லோட் செய்யவேண்டும். 'ஃபாஸ்ட்' மோட் மெமோவை அணைக்கும்தான், ஆனால் தன்னையே சுட்டும் டேட்டா வந்தால் முடிவில்லாமல் சுற்றும். வேண்டாம்.

ஜேசனில் மெமோ கிடையாது. ஒரு தொழிலாளியின் விவரத்தை 26 நாள் பதிவுகள் சுட்டினால் 26 தடவையும் முழுதாக எழுதும். பதிவில் தொழிலாளியின் எண்ணை மட்டும் வைத்து, விவரத்தைத் தனிக் கோப்பில் போடுவது நல்லது.

கூட்டுறவுக் கடை இணையதளம் பார்ப்பவர்: இணையதளம் ஓடும் பிஎச்பி மொழியில் 134217728 பைட் தீர்ந்துவிட்டது என்று நிற்கிறது.

பதில்: அது 128 எம்பி, பிஎச்பியின் வழக்கமான மெமரி வரம்பு. ஏற்றினால் இன்று ஓடும், சரக்கு கூடியதும் மறுபடி நிற்கும். ஜேசன் என்கோட் முழு ஸ்ட்ரிங்கையும் கட்டித்தான் கொடுக்கும். டேட்டாபேஸிலிருந்து வரி வரியாக எடுத்து, வரி வரியாக எழுதுங்கள்.

கிராணி மறுபடி: 'டம்ப்' வேலை செய்தது அண்ணே! ஆனால் சேமித்து முடிந்தும் டாஸ்க் மேனேஜரில் அளவு இறங்கவில்லை. லீக்கா, அதாவது மெமரி விடுபடாமல் தங்குகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. விடுவித்த இடத்தைப் பைத்தான் அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளும். மெமரியை அளக்கும் 'டிரேஸ்மெலாக்' போட்டு இப்போதைய அளவு, உச்ச அளவு இரண்டையும் பாருங்கள். இரண்டாம் தடவை சேமித்தும் உச்சம் அதேதான் என்றால் லீக் இல்லை. ஏறினால், 'டீப்காப்பி' அல்லது டேட்டாகிளாஸின் 'ஆஸ்டிக்ட்' எங்காவது நகல் எடுக்கிறதா, அந்த நகலை ஏதாவது வேரியபிள் பிடித்து வைத்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்று: பழைய கோப்பின் மேலேயே எழுதாதீங்க. பக்கத்தில் தற்காலிகப் பெயரில் எழுதி மூடிய பிறகு 'ரீப்ளேஸ்' செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனாலும் நேற்றைய கணக்கு பத்திரமாக இருக்கும்.