பழைய பாமினி கோப்பைக் கிண்டிலுக்கு மாற்றுவது

பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும் நாவலை அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் வெளியிட, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். யூனிகோடுக்கு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றி ஏற்றினால் போதும், கிண்டில் தமிழை ஏற்கும்.

2003-ல் தட்டச்சு செய்த நாவல் இப்போது வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது என்கிறீர்கள். கோப்பு கெட்டிருக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும்.

முதலில் ஒரு சோதனை. கோப்பை நகல் எடுங்கள். நகலில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றுங்கள். (கணினியில் பாமினி இல்லையென்றால் நிறுவிக்கொள்ளுங்கள்.) தமிழ் வந்துவிட்டால் காரணம் இதுதான். அப்புறம் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மாற்றி மென்பொருளில் பாமினியிலிருந்து யூனிகோடு என்று கொடுத்து, ஒவ்வொரு அத்தியாயமாக மாற்றுங்கள். மொத்தமாகப் போட்டால் எங்கே பிழை என்று தேடியே சலித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: நாவலுக்குள் நிஜமான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் பொருளில்லாத தமிழாகிவிடும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து போய்விடலாம். கொம்பும் காலும் சேரும் கொ, கோ போன்ற எழுத்துகள் சரியாக வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒருமுறை முழுதாகப் படித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

மின்னூலுக்கு ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்) கட்டாயமில்லை, அதற்காகக் காத்திருக்காதீர்கள். இத்தனை வருடம் காத்தது போதும். முதல் அத்தியாயத்தை இன்றே மாற்றிப் பாருங்கள், சிக்கினால் அந்த வரியை இங்கே போடுங்கள்.