விம்பிள்டன் ஒரு சேனல், ஆஸ்திரேலிய ஓபன் வேறு சேனல்: டென்னிஸ் மட்டும் ஏன் இப்படி?

ஒரு போட்டியை ஒரு நாட்டில் சில ஆண்டுகளுக்குக் காட்ட, சேனல்கள் காசு கொடுத்து வாங்கும் அனுமதிதான் ஒளிபரப்பு உரிமை. டென்னிஸில் அதை விற்பவர் ஒருவரல்ல. விம்பிள்டனுக்கு ஆல் இங்கிலாந்து கிளப். கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் மற்ற மூன்றுக்கும் அந்தந்த நாட்டு டென்னிஸ் சங்கம். மாந்தோப்புக் குத்தகை மாதிரிதான்: தோப்புக்கு ஒரு சொந்தக்காரர், யார் கூடக் கொடுக்கிறாரோ அவருக்கே அந்த வருடக் காய். 2024இல் இந்தியாவில் விம்பிள்டன் ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது, ஆஸ்திரேலிய ஓபனும் பிரெஞ்சு ஓபனும் சோனியில்.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. இண்டியன் வெல்ஸ், மாட்ரிட் போன்ற இடங்களில் ஆண்களும் பெண்களும் ஒரே வாரத்தில், அதே மைதானங்களில் ஆடுகிறார்கள். ஆனால் ஆண்கள் ஆட்ட உரிமை ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏடிபி பக்கம், பெண்களுடையது பெண்கள் டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏ பக்கம். மதியம் பார்த்த சேனலில் அடுத்த ஆட்டம் இல்லாமல் போகலாம். ஒப்பந்தம் முடிந்தால் சேனலும் மாறும்; பழைய சந்தா கட்டியவர் பாடு திண்டாட்டம்தான்.

அப்புறம், 'டென்னிஸ் டிவி' சந்தா கட்டினால் எல்லாம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆண்களின் ஏடிபி போட்டிகளுக்கான சேவை, கிராண்ட்ஸ்லாம் அதில் வராது.