வீட்டில் ஸ்டஃப்டு பன் செய்தால் ஓவனுக்குள்ளேயே வெடித்துவிடுகிறது, அடியில் மாவு வேகவே மாட்டேன் என்கிறது. மாவில் என்ன தப்பு? உள்ளே என்னென்ன வைக்கலாம்?

மாவில் ஒரு தப்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் இந்நேரம் ஈஸ்ட் பாக்கெட்டை மாற்றியிருப்பீர்கள், வேறு மைதா வாங்கியிருப்பீர்கள், பத்து நிமிஷம் கூடுதலாகப் பிசைந்து தோள்பட்டை வலியை வாங்கியிருப்பீர்கள், கடைசியில் ஓவன் மேலேயே சந்தேகம் வந்திருக்கும். எப்படித் தெரியும் என்றால், இதே வரிசையில் நானும் செய்தவன். குற்றவாளி உள்ளே உட்கார்ந்திருக்கிற ஸ்டஃபிங். சரியாகச் சொன்னால், ஸ்டஃபிங்கில் இருக்கிற தண்ணீர்.

நான் கேட்டரிங் படித்தவன் இல்லை. கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் "நீ யார் சொல்ல" என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. முப்பது பன் வெடித்துப் பார்த்தவன் என்கிற தகுதி மட்டும் உண்டு.

மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். கேக் எல்லோரும்தான் வெட்டுகிறார்கள், வருகிற பிள்ளைகளுக்கு நானே பன் சுட்டுத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். காளான், உருளைக்கிழங்கு, சிக்கன் என்று மூன்று வகை, வகைக்குப் பத்து. அதற்கு முன்னால் மொத்தமாக நான்கு பன்தான் செய்து பார்த்திருந்தேன், அந்த நான்கும் அருமையாக வந்திருந்தன. இப்போது யோசித்தால் அதுதான் வினை. நான்கு பன் நன்றாக வந்தவனுக்கு இருக்கிற தைரியம் வேறு யாருக்கும் இருக்காது.

மாவு அழகாக உப்பி வந்தது. ஸ்டஃபிங்குக்குத்தான் நேரம் போதவில்லை. காளானையும் வெங்காயத்தையும் வாணலியில் போட்டு ஐந்தே நிமிஷத்தில் இறக்கிவிட்டேன். உப்பை ஆரம்பத்திலேயே போட்டிருந்ததால் தண்ணீர் வேறு நிறைய விட்டிருந்தது. "சாறுதானே, நல்லதுதான்" என்று நினைத்துக்கொண்டேன். ஆறவும் விடவில்லை. ஆவி பறக்கப் பறக்க ஸ்பூனால் அள்ளி மாவில் வைத்தேன். வைத்த இடத்தில் மாவு தொளதொளவென்று இளகியது. ஓரத்தை இழுத்து ஒட்டினால், எண்ணெய் பட்ட இடம் ஒட்டவே இல்லை. ஒட்டாத இடத்தை இன்னும் இழுத்தேன், கிழிந்தது. கிழிந்த இடத்தில் ஒரு துண்டு மாவை அப்பினேன், பஞ்சர் ஒட்டுகிற மாதிரி.

பன்னிரண்டாவது நிமிஷம் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். முதல் வரிசையில் ஒன்று பக்கவாட்டில் மெதுவாக வாயைத் திறந்தது. பழுப்பாக ஒரு சாறு வழிந்து ட்ரேயில் பட்டதும் சுர்ரென்று சத்தம். பிறகு பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எண்ணவில்லை. மச்சான் பின்னால் வந்து நின்று, "மாப்ள, ஒவ்வொண்ணா வெடிக்குதா, இல்ல வரிசையா வெடிக்குதா?" என்றார். அந்த ஆளோடு நான் இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அது என் பெருந்தன்மை.

வெடிக்காதவையும் தப்பவில்லை. வெட்டிப் பார்த்தால் மேலே குகை மாதிரி வெற்றிடம், ஸ்டஃபிங் எல்லாம் அடியில் குவிந்து, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒரு அடுக்கு. மகள் வந்து ட்ரேயைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஓட்டை இல்லாதத மட்டும் எண்ணிச் சொல்லு" என்றாள். ஏழு. வந்திருந்த பிள்ளைகள் பதினாறு. மீதியை எப்படிச் சமாளித்தோம் என்பது இந்தக் கேள்விக்குத் தேவையில்லாதது.

அடுத்த வாரம் ஒரு தராசு வாங்கினேன். கணக்கு எழுதுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? 250 கிராம் காளானை எடை போட்டு வாணலியில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் நிறுத்திப் பார்த்தால் எடை அவ்வளவாகக் குறையவில்லை, சாறுதான் காளானுக்கு வெளியே வந்து நின்றது. பதினைந்து நிமிஷம் விட்டபோது 110 கிராம். அதாவது 140 கிராம் தண்ணீர், ஒரு சின்ன டம்ளர். பிறந்தநாள் அன்றைக்கு அதில் பெரும்பங்கை மாவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

காளான், முட்டைக்கோஸ், கீரை எல்லாமே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தக்காளி அதற்கும் மேல். வெங்காயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, முழுசாக ஆவியானால் எட்டு லிட்டர். முழுசாக ஆவியாகாது, சரி. பத்தில் ஒரு பங்கு ஆனாலே போதும், உங்கள் பன்னுக்குள் அவ்வளவு இடம் இல்லை. மேல் மாவைத் தூக்கிக் குகை செய்யும், அல்லது ஒட்டு பலவீனமாக இருக்கிற பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

அடியில் வேகவில்லை என்கிறீர்களே, அது பெரும்பாலும் வேகாத மாவு இல்லை. ஊறிய மாவு. சாறு கீழே இறங்கி மாவில் ஊறிவிட்டால், இன்னும் பத்து நிமிஷம் வைத்தாலும் மேல்பக்கம் கருகுமே தவிர அடி அப்படியேதான் இருக்கும். இது புரியாமல் சூட்டைக் கூட்டிக் கூட்டி ஒரு ட்ரே நிறையக் கரி செய்தவன் நான்.

ஆக, விஷயம் இரண்டே இரண்டு. ஸ்டஃபிங் வறண்டிருக்க வேண்டும். ஆறியிருக்க வேண்டும்.

வறண்டதா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. வாணலியில் ஸ்டஃபிங்கைப் பரப்பி, கரண்டியால் நடுவில் அடி தெரிகிற மாதிரி ஒரு கோடு இழுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இரண்டு பக்கமிருந்தும் சாறு கசிந்து கோட்டை நனைத்தால் இன்னும் ஆகவில்லை. கோடு காய்ந்த மண்பாதை மாதிரி அப்படியே நின்றால் இறக்கலாம். உப்பைக் கடைசியில் போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடைசியில் போட்டால், வாணலியில் வர வேண்டிய தண்ணீர் அப்புறம் மாவுக்குள் போய் வரும். முதலிலேயே போட்டு, வருகிறதையெல்லாம் வரவழைத்து, அடுப்பிலேயே வற்றவிடுங்கள். அன்றைக்கு என் தப்பு உப்பை முதலில் போட்டது இல்லை, வந்த தண்ணீரை வற்றவிடாதது.

ஆறுவதற்கு, தட்டில் பரப்பி அரை மணி நேரம், பிறகு ஃப்ரிட்ஜ். குளிர்ந்த ஸ்டஃபிங் கெட்டியாக உருட்ட வரும். சூடாக வைத்தால் மாவில் இருக்கிற வெண்ணெய் உருகும், மாவு பிசுபிசுக்கும், ஒட்டு நிற்காது. சிக்கன், முட்டை என்றால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒருவர் வந்து, "சாறில்லாத ஸ்டஃபிங் சக்கை மாதிரி இருக்குமே, ஜூஸியாக இருந்தால்தானே ருசி" என்பார். போன தடவை இதே மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது வந்தார். ஐயா, ஈரம் வேறு, தண்ணீர் வேறு. மசித்த உருளைக்கிழங்கில் ஈரம் இருக்கிறது, ஓடவில்லை. சிக்கனில் ஒரு ஸ்பூன் வெண்ணெயும் ஒரு ஸ்பூன் மைதாவும் போட்டுப் புரட்டிக் கொஞ்சம் பால் ஊற்றினால் கிரேவி கெட்டியாகிச் சிக்கனைப் பிடித்துக்கொள்ளும். கடித்தால் ஈரம் இருக்கும், சுடும்போது ஓடாது. அவர் திரும்பவும் வருவார், தெரியும்.

மாவைப் பற்றி ரொம்பச் சொல்ல எதுவும் இல்லை, எல்லா இடத்திலும் இருக்கிற கணக்குத்தான். மைதா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10, சர்க்கரை 25, வெண்ணெய் 40. பத்து நிமிஷம் பிசைந்து, இரண்டு மடங்காகும் வரை மூடி வைத்தால் பன்னிரண்டு உருண்டை வரும், ஒவ்வொன்றும் எழுபது கிராம் சொச்சம். உருட்டியதும் கால் மணி நேரம் சும்மா விடுங்கள். விடாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே போகும்.

தேய்ப்பதில்தான் கவனம் வேண்டும். எல்லா இடமும் ஒரே கனமாகத் தேய்க்காதீர்கள். நடு தடிமனாக இருக்கட்டும், ஓரம் மெல்லிசாக. ஓரத்தை எல்லாம் கூட்டி முடிச்சுப் போடும்போது அங்கே நான்கைந்து மடிப்பு சேரும். ஓரமும் தடியாக இருந்தால் முடிச்சு கட்டி மாதிரி நின்று, அதுவும் வேகாது. ஸ்டஃபிங் 40 கிராம் போதும். ஆசைப்பட்டு அறுபது வைத்தால் என்ன ஆகும் என்று மச்சானிடம் கேளுங்கள். ஓரத்தில் எண்ணெய் படக்கூடாது, ஒரு பருக்கை ஸ்டஃபிங்கும் கூடாது. பட்டுவிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கிள்ளிக் கிள்ளி மூடி, முடிச்சு கீழே இருக்கிற மாதிரி ட்ரேயில் வைத்து, அரை மணி நேரம் மறுபடி உப்பவிட்டு, மேலே பல் குத்தும் குச்சியால் ஒரே ஒரு துளை. மிச்ச ஆவிக்கு அது வாசல். 190 டிகிரி, இருபது நிமிஷம். எடுத்ததும் கடிக்காதீர்கள், உள்ளே இருப்பது நாக்கைச் சுட்டுவிடும்.

உள்ளே என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். தொடங்குகிறவருக்கு உருளைக்கிழங்கைவிட நல்லது இல்லை. வேகவைத்து வடித்த பிறகு, காலிப் பாத்திரத்தில் ஒரு நிமிஷம் அடுப்பில் போட்டுப் புரட்டி, பிறகு மசியுங்கள். அதற்குள் ஒரு துண்டு சீஸை ஒளித்து வைத்தால் பிள்ளைகள் உங்களுக்கு அடிமை. சீஸை மட்டும் தனியாக வைத்தால் உருகி வெளியே ஓடிவிடும், உருளைக்கிழங்கு அதற்குச் சுவர். முட்டைக்கோஸை மெல்லிசாக நறுக்கி உப்புப் போட்டு இருபது நிமிஷம் வைத்து, கை வலிக்கப் பிழிந்து, பிறகு வதக்குங்கள். கீரையும் அப்படியே, வதங்கியதும் பிழிய வேண்டும். ஒரு பெரிய கட்டு கடைசியில் ஒரு கைப்பிடிதான் தேறும், ஏமாந்துபோகாதீர்கள். அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கி மிளகுத்தூள் போட்டால் சுலபம், தண்ணீர்த் தொல்லையே இல்லை. சிக்கனோ கைமாவோ முழுசாக வெந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இருபது நிமிஷத்தில் பன்னுக்குள் பச்சை இறைச்சி வெந்துவிடும் என்று நம்பாதீர்கள். இனிப்பு என்றால் ஆப்பிளைச் சர்க்கரையோடு வற்றவிட்டுக் கொஞ்சம் சோளமாவு சேர்த்து வையுங்கள். ஜாம் வேண்டாம், கொதித்து வெளியே வந்து ட்ரேயில் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். தக்காளிக்கு இந்த வீட்டில் இடமில்லை.

இப்போது என் பன் வெடிப்பதில்லை. மூன்று வருஷமாக. போன மாதம் ஆபீசில் ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும் என்று வைத்தபோது காளான் பன் இருபத்து நான்கு கொண்டுபோனேன். முதல் நாள் இரவு பதினொரு மணி வரை கோடு இழுத்து எண்ணிக்கொண்டிருந்தவன் நான். சாப்பிட்ட அத்தனை பேரும் சொன்னது: "சார், உங்க வீட்டம்மா கைப்பக்குவமே தனி!" நான்தான் செய்தேன் என்றேன். சிரித்தார்கள். பக்கத்து சீட் மேடம், "நல்லா சமாளிக்கிறீங்க சார், அவங்ககிட்ட ரெசிபி வாங்கிக் குடுங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னால் மனைவி, "என்னன்னு குடுக்கட்டும்? எனக்கு ஈஸ்ட் எங்க இருக்குன்னே தெரியாது" என்று சிரிக்கிறாள். ஆண்கள் சமைப்பதைப் பற்றிப் பாடம் எடுக்க வரவில்லை, பெண்கள் தினமும் செய்கிறார்கள், அவர்களை யார் பாராட்டுகிறார்கள் என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு, நீங்கள் சொல்வதும் சரிதான். ஆனால் தராசு என்னுடையது.

அது போகட்டும். அந்த இருபத்து நான்கு பன்னை எடுத்துப்போனது ஒரு பெரிய சதுர டப்பாவில், காற்றுப் புகாத வகை, நான்கு பக்கமும் கிளிப் உள்ளது. மிச்சம் இரண்டு பன் இருந்தது, யாரோ பிள்ளைக்கு என்று டப்பாவோடு எடுத்துப்போயிருக்கிறார்கள். எடுத்துப்போகட்டும், சந்தோஷம். மறுநாள் என் மேஜையில் அதன் நீல மூடி மட்டும் கழுவித் துடைத்து வைத்திருந்தது. டப்பா இல்லை. மூடியை யார் வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு முப்பத்து நான்கு நாள் ஆகிறது.