ஆண்டவரிடம் கோபப்படலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பள்ளி ஆசிரியை. சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவள். பாடகர் குழுவில் இருக்கிறேன், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போகிறேன். காலையில் வேதம் வாசிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. ஆனாலும் ஜெபிக்கும்போது யாரும் கேட்பதாகவே தோன்றவில்லை. “கர்த்தர் என்னோடு பேசினார்” என்று பலர் சாட்சி சொல்கிறார்கள். என்னோடு அவர் பேசியதே இல்லை. “இயேசு உங்கள் நண்பர்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நடிக்கிறேனோ என்று கூசுகிறது. அப்பா தவறிய பிறகு இது அதிகமாகிவிட்டது. சபையே கூடி ஜெபித்தும் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. விசுவாசம் போதவில்லை என்றார் ஒருவர். ராத்திரி தூக்கமும் சரியில்லை. ஆண்டவரோடு உண்மையான நெருக்கம் வர நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அப்பாவைப் பற்றி மூன்றே மூன்று வரிதான் இருக்கிறது, அதுவும் கடைசியில். பாடகர் குழுவுக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கும் பிறகு அவர் வருகிறார். எனக்கோ கடிதமே அங்கேதான் தொடங்குவதாகப் பட்டது.

அப்பா இறந்ததைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறீர்களா? “உமது சித்தம் ஆகக்கடவது” என்பதைச் சொல்லியிருப்பீர்கள். நான் அதைக் கேட்கவில்லை. “ஏன் இப்படிச் செய்தீர்?” என்று கேட்டீர்களா? வீட்டில் ஒருவர்மேல் மனஸ்தாபம் இருந்தால் “சாப்பிட்டாச்சா”, “கரண்ட் பில் கட்டியாச்சா” என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வோமே, உங்கள் ஜெபம் இப்போது அப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். மரியாதைக்குக் குறைவில்லை. சொல்ல வேண்டியது மட்டும் உள்ளேயே கிடக்கிறது.

யோவான் 11-ஆம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று சகோதரிகள் ஆள் அனுப்புகிறார்கள். இயேசு உடனே புறப்படவில்லை; இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கிவிடுகிறார். அவர் பெத்தானியாவுக்கு வரும்போது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள். மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொல்கிறாள்: “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.” பின்னால் வந்த மரியாளும் அதையேதான் சொல்கிறாள். அந்த நாலு நாளும் அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் இதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் என்பது என் ஊகம். இயேசு இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளோடு நின்று பேசினார். மரியாள் அழுததைக் கண்டு தாமும் கண்ணீர் விட்டார். விசுவாசம் போதவில்லை என்று உங்களிடம் சொன்னவர் அந்த இடத்தை ஒருமுறை நிதானமாக வாசித்தால் நல்லது.

இயேசு கூப்பிட்டதும் லாசரு உயிரோடு எழுந்து வந்தான், என் அப்பா வரவில்லையே என்பீர்கள். நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபின் நண்பர்கள் அப்படிப்பட்ட பதில்களோடுதான் வந்து உட்கார்ந்தார்கள். யோபோ பிறந்த நாளையே சபித்தான், ஆண்டவரை வழக்குக்குக் கூப்பிட்டான். கடைசியில் தேவனுடைய கோபம் அவருக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல் மூண்டது. என் தாசனாகிய யோபைப்போல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார்.

சங்கீத புத்தகத்திலும் நாம் 23-ஐயும் 91-ஐயும் மனப்பாடம் செய்துகொண்டு மற்றதைத் தாண்டிவிடுகிறோம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கும்போது யாருக்காவது 88-ஆம் சங்கீதம் வந்திருக்கிறதா? அச்சடிக்கவே மாட்டார்கள். பதினெட்டு வசனம், இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆனால் அதைப் பாடியவன் அந்த இருட்டையும் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று அவரை விளித்தேதான் சொல்கிறான். நெருக்கம் என்று நீங்கள் தேடுவது எனக்கு அங்கே தெரிகிறது.

அவர் என்னோடு பேசியதில்லை என்கிறீர்களே, அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-இல் வெளிவந்தன. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக ஜெபத்தில் வெறுமையைத்தான் உணர்ந்தேன் என்று தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். உலகம் அவர் சிரித்த முகத்தைத்தான் பார்த்தது. அவரை நடிகை என்று சொல்வீர்களா? நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் எதையாவது கேட்டவர்கள். ஒன்றும் கேட்காதவர்கள் எழுந்து நிற்பதில்லை. அதனால் நீங்கள் மட்டும் விதிவிலக்கு என்று தோன்றுகிறது.

இனி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு. முதலில் ஒன்றைக் குறையுங்கள். பாடகர் குழுவோ வெள்ளிக்கிழமைக் கூட்டமோ, எது அதிகம் களைப்பாக்குகிறதோ அதிலிருந்து ஒரு மாதம் விடுப்பு கேளுங்கள். ஆயரிடம் காரணம் சொல்ல வேண்டுமானால் அப்பாவுக்காகத் துக்கப்பட நேரம் வேண்டும் என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. அந்த நேரத்தில் மொட்டைமாடியிலோ, கதவைச் சாத்திக்கொண்டு அறையிலோ உட்கார்ந்து 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்ற முதல் வரியிலேயே நின்றுவிட்டாலும் பரவாயில்லை. பிறகு உங்கள் வாக்கியத்தைச் சொல்லுங்கள், வீட்டில் பேசுகிற நாகர்கோவில் தமிழில். ஸ்தோத்திரம் வராவிட்டால் வர வேண்டாம். சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். எதுவும் கேட்காது, பெரும்பாலும். மறுநாளும் போங்கள்.

காலை வாசிப்பில் எனக்கென்ன வசனம் என்று தேடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, மாற்கு சுவிசேஷத்தில் தினம் ஒரு சம்பவம் வாசியுங்கள். இயேசு யாரைத் தொட்டார், எதற்குக் கோபப்பட்டார், எப்போது தனியே போனார் என்று ஒருவரைக் கவனிப்பதுபோலக் கவனியுங்கள். உங்களுக்கென்று எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூக்கம் சரியில்லை என்பதையும் சாதாரணமாக விடாதீர்கள். நான் சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை; அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகு. இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் மருத்துவரைப் பாருங்கள். மனநல மருத்துவராக இருந்தாலும் சரி, கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் அம்மா இருந்தால் குடும்ப ஜெபத்தில் ஒருநாள் அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவர்களும் உங்களுக்காகவே வாய் மூடி இருக்கக்கூடும்.

மறுபடி எழுதுங்கள். பத்திரிகையில் வர வேண்டாம் என்றால் உறையின் மேல் அப்படிக் குறித்துவிடுங்கள், தபாலில் பதில் போடுகிறேன்.